4,750 பேர் பார்த்த ஃபைனல்

1981-ம் வருடம் மே 13, புதன்கிழமை. மேற்கு ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் ரைன்ஸ்டாடியன் என்று ஒரு பெரிய மைதானம். 1974 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்த இடம். சுமார் 68,000 பேர் உட்காரலாம். அன்று ராத்திரி அங்கே ஒரு ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டி. வந்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 4,750. நூறு இருக்கைக்கு ஏழு பேர். நம்ம ஊர் காலேஜ் ஆண்டு விழாவுக்குக்கூட இதைவிட நல்ல கூட்டம் வரும்.

போதாக்குறைக்கு அன்று சாயங்காலம்தான் வாடிகனில் போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். உலகமே அந்தச் செய்தியில் உறைந்து கிடந்தது. மறுநாள் பேப்பர்களில் முதல் பக்கம் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் சோவியத் யூனியனிலிருந்து டினமோ திபிலிசி. இன்னொரு பக்கம் கிழக்கு ஜெர்மனியிலிருந்து கார்ல் சைஸ் யேனா. டுசல்டார்ஃப் ஜனங்களுக்கு இரண்டு பேரும் 'அந்தப் பக்கத்து ஆட்கள்'. டிக்கெட் வாங்கி எதற்குப் பார்க்க வேண்டும்? சொந்த ஊரிலிருந்து ரசிகர்கள் வரலாமே என்றால், அவர்களுக்கு நாட்டை விட்டு வெளியே வருவதே குதிரைக் கொம்பு. வெளிநாடு போக அரசாங்கம் அனுமதி தர வேண்டும். அதுவும் மேற்கு ஜெர்மனிக்கு! தேர்ந்தெடுத்து அனுப்பிய சிலர்தான் வந்தார்கள்.

ஐரோப்பியக் கால்பந்து பற்றிய புத்தகங்களில் இந்த ஃபைனல் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஸ்கோர் 2-1, பார்வையாளர்கள் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்த 1980-81 சீசனை முதல் சுற்றிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால், எந்த சாம்பியன்ஸ் லீக் சீசனுக்கும் குறையாத கதை அதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் போட்டியைப் பற்றி. 'கோப்பை வென்றோர் கோப்பை' என்று பெயர். வாயில் சுலபமாக நுழையாது. ஒவ்வொரு நாட்டிலும் லீக் தனி, கோப்பைப் போட்டி தனி. லீக் ஜெயித்தவர்கள் ஐரோப்பியக் கோப்பைக்குப் போவார்கள். உள்நாட்டுக் கோப்பையை ஜெயித்தவர்கள் இதற்கு வருவார்கள். 1960-61-ல் ஆரம்பித்தது, முதல் கோப்பை இத்தாலியின் ஃபியோரென்டினாவுக்கு. 1999-ல் லாட்ஸியோ ஜெயித்ததோடு மூடிவிட்டார்கள். 39 சீசன்கள் நடந்தன. ஒரு டீம்கூட அடுத்தடுத்த இரண்டு வருடம் ஜெயித்ததில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். லீக் என்பது வருடம் முழுக்க ஒழுங்காகப் படித்தவனுக்குக் கிடைக்கிற ரேங்க். கோப்பை என்பது ஐந்தாறு நாள் நன்றாக எழுதினால் போதும் என்கிற பரீட்சை. அதனால் கடைசி பெஞ்சு ஆசாமிகள் நிறைய பேர் உள்ளே வந்துவிடுவார்கள். இந்தப் போட்டியின் அழகே அதுதான்.

அந்த வருடம் வந்த கடைசி பெஞ்சு ஆட்களைப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வெஸ்ட்ஹாம் யுனைடெட். 1980-ல் ஆர்சனலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை வாங்கியபோது அவர்கள் இரண்டாம் டிவிஷனில் இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தது இன்னும் வேடிக்கை. காஸ்டில்லா என்ற டீம். அது வேறு எதுவும் இல்லை, ரியல் மாட்ரிட்டின் ரிசர்வ் டீம்! 1980 ஸ்பானியக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட்டும் அதன் ரிசர்வ் பையன்களும் மோதினார்கள். அப்பா 6, பிள்ளை 1. ரியல் மாட்ரிட் லீக்கையும் ஜெயித்துவிட்டதால் அது ஐரோப்பியக் கோப்பைக்குப் போய்விட்டது. கோப்பை வென்றோர் கோப்பை சீட்டு தோற்ற காஸ்டில்லாவுக்கு வந்தது.

முதல் சுற்றில் இந்த இரண்டு இரண்டாம் டிவிஷன் டீம்களும் மோதின. மாட்ரிட்டில் காஸ்டில்லா 3-1. அங்கே வெஸ்ட்ஹாம் ரசிகர்கள் செய்த கலாட்டாவில் யூஃபா கடுப்பாகி, மறு ஆட்டத்தை ஆளில்லாத மைதானத்தில் ஆடச் சொல்லிவிட்டது. லண்டன் அப்டன் பார்க்கில் பூட்டிய கதவுக்குள் ஆட்டம். அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் சேர்த்து உள்ளே இருந்தவர்கள் 262 பேர் என்று கணக்கு. வெஸ்ட்ஹாம் கூடுதல் நேரத்தில் 5-1 என்று ஜெயித்தது, டேவிட் கிராஸ் மூன்று கோல். டுசல்டார்ஃபின் 4,750 இதோடு ஒப்பிட்டால் திருவிழாக் கூட்டம் :)

இன்னொரு டீம் நியூபோர்ட் கவுண்டி. வேல்ஸ் நாட்டு ஊர், ஆனால் ஆடுவது இங்கிலாந்து லீக்கில், அதுவும் மூன்றாம் டிவிஷன். வேல்ஸ் கோப்பையை ஜெயித்ததால் ஐரோப்பாவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. டாமி டைனன், ஜான் ஆல்ட்ரிட்ஜ் என்று இரண்டு முன்கள வீரர்கள். (ஆல்ட்ரிட்ஜ் பின்னாளில் லிவர்பூலுக்குப் போய்ப் பெரிய ஆளானார்.) வட அயர்லாந்தின் குரூசேடர்ஸை 4-0, நார்வேயின் ஹௌகாரை 6-0 என்று தாண்டி, கால் இறுதிக்கே வந்துவிட்டார்கள். அங்கே எதிரில் நின்றது யேனா.

யேனா என்ற ஊரைப் பற்றிச் சொல்லாமல் அந்த டீமைப் பற்றிச் சொல்ல முடியாது. 1846-ல் கார்ல் சைஸ் என்பவர் அங்கே ஒரு பட்டறை வைத்தார். மைக்ரோஸ்கோப் செய்கிற பட்டறை. பிறகு எர்ன்ஸ்ட் ஆபே என்ற இயற்பியலாளர் கூட்டுச் சேர்ந்தார். சைஸ் இறந்த பிறகு ஆபே செய்த காரியம் காமர்ஸ் பாடப் புத்தகத்தில் வந்திருக்க வேண்டியது. 1889-ல் ஒரு அறக்கட்டளையை நிறுவி, தன் பங்குகளையெல்லாம் அதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தானே அதற்குச் சம்பளம் வாங்கும் நிர்வாகி ஆகிவிட்டார். 1900-லேயே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை. அந்தத் தொழிலாளர்கள் 1903-ல் ஆரம்பித்த கிளப்தான் இது. மைதானத்தின் பெயரும் எர்ன்ஸ்ட் ஆபே மைதானம்தான்.

1945-ல் யுத்தம் முடியும்போது யேனாவுக்குள் முதலில் நுழைந்தது அமெரிக்கப் படை. ஆனால் ஒப்பந்தப்படி அந்தப் பகுதி ரஷ்யர்களுக்கு. கொடுத்துவிட்டுப் போவதற்கு முன் அமெரிக்கர்கள் கம்பெனியின் முக்கியமான ஆட்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களைக் குடும்பத்தோடு தங்கள் பக்கம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் மேற்கே ஓபர்கோகன் என்ற ஊரில் புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இங்கே யேனாவில் பழைய தொழிற்சாலை அரசாங்க நிறுவனம் ஆனது. ஆக ஒரே பெயரில் இரண்டு கம்பெனி! 'கார்ல் சைஸ்' யாருக்குச் சொந்தம் என்று பல நாடுகளின் கோர்ட்டுகளில் வருடக்கணக்கில் வழக்கு. கடைசியில் 1971-ல் லண்டனில் ஒப்பந்தம் போட்டுச் சந்தைகளைப் பிரித்துக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மனியில் அந்தப் பெயர் ஓபர்கோகன்காரர்களுக்கு. குட்வில் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று அக்கவுண்டன்சி வகுப்பில் சொல்லும்போது கொட்டாவி வரும். இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. தாங்கள் செய்த லென்ஸை அந்தப் பெயரில் விற்க முடியாத நாட்டுக்கே, அந்தப் பெயரோடு ஒரு கால்பந்து டீம் ஃபைனல் ஆடப் போனது.

ஆனால் ஃபைனலுக்கு யேனா வந்ததே ஒரு அதிசயம். முதல் சுற்றில் எதிரி ரோமா. பிரேசிலின் ஃபால்காவோ, பிற்பாடு பெரிய கோச் ஆன கார்லோ அன்செலாட்டி எல்லாம் இருந்த டீம். ரோமில் 3-0 என்று யேனா உதை வாங்கியது. ஆட்டம் க்ளோஸ் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்து ஆடிய மறு ஆட்டத்தில் யேனா 4-0! முதல் பாதியில் இரண்டு கோல். பிறகு மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆண்ட்ரியாஸ் பீலாவ் இரண்டு கோல், கடைசியானது ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது. அடுத்த சுற்றில் நடப்பு சாம்பியன் வாலென்சியா. 1978 உலகக் கோப்பையின் நாயகன் மரியோ கெம்பெஸ் ஆடிய கிளப். அவர்களையும் 3-1, 0-1 என்று வெளியே அனுப்பினார்கள். கோச் ஹான்ஸ் மேயர். ஜெர்மனி ஒன்றான பிறகும் பல வருடம் பெரிய கிளப்களில் வேலை பார்த்தவர்; 2007-ல் நியூரம்பெர்க்குக்கு ஜெர்மன் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

இப்போது கால் இறுதி. மார்ச் 4, யேனாவில் நியூபோர்ட். மூன்றாம் டிவிஷன் டீமை ஊதித் தள்ளிவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்பு. டைனன் ஒரு கோல் அடித்தார். யேனா 2-1 என்று முன்னே போனது. கடைசி நிமிடத்தில் டைனன் மறுபடியும் அடித்தார். 2-2. அந்தக் காலத்து விதிப்படி, மொத்தக் கணக்கு சமமாக இருந்தால் வெளியூரில் அதிக கோல் அடித்தவர்கள் ஜெயித்தவர்கள். அதாவது மார்ச் 18-ம் தேதி தங்கள் ஊர் சோமர்டன் பார்க்கில் கோல் வாங்காமல் இருந்தாலே நியூபோர்ட் அரை இறுதியில். ஒரு ஃப்ரீ கிக், குர்ப்யூவைட் அடித்த அந்த ஒரே கோலில் எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு நியூபோர்ட் மோதோ மோதென்று மோதியது. யேனா கோல் கீப்பர் கிராபென்டின் எல்லாவற்றையும் தடுத்துவிட்டார். 0-1. அந்த நியூபோர்ட் கவுண்டி எட்டே வருடத்தில், 1989-ல், கடன் தாங்காமல் இழுத்து மூடப்பட்டது. ரசிகர்கள் கீழே இருந்து மறுபடி கட்டி எழுப்பி, 2013-ல் லீக்குக்குள் கொண்டு வந்தார்கள் என்பது தனிக் கதை. அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

அரை இறுதியில் யேனா பென்ஃபிகாவை 2-0, 0-1 என்று தாண்டியது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்று நாட்டு ஜாம்பவான்களும் காலி.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மன் வீரனுக்கு வெளிநாட்டு மேட்ச் என்றால் அது வெறும் மேட்ச் இல்லை. அந்த 1981 ஜனவரியில்தான், தேசிய அணி தென் அமெரிக்கா கிளம்பும் நேரத்தில், டிரெஸ்டன் கிளப்பின் மூன்று வீரர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெபர் என்பவர் மேற்கே தப்பிப் போகப் பேசி வைத்திருந்தார் என்று சிறைத் தண்டனை. கோட்டே, முல்லர் இருவரும் போக மறுத்தவர்கள். ஆனால் தெரிந்தும் சொல்லவில்லையாம். அதற்காக முதல் டிவிஷனில் வாழ்நாள் முழுக்க ஆட முடியாதபடி செய்தார்கள். நான்கு மாதம் கழித்து யேனா பையன்கள் டுசல்டார்ஃபில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். ஃபைனல் டென்ஷன் என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது எத்தனை வகை பாருங்கள்.

சரி, இந்தப் பக்கம் திபிலிசி.

டினமோ என்பது சோவியத் யூனியனில் போலீஸ், உளவுத் துறையின் விளையாட்டு அமைப்பு. மாஸ்கோ, கியேவ், திபிலிசி என்று ஊருக்கு ஊர் ஒரு டினமோ. திபிலிசி கிளப் 1925-ல் ஆரம்பித்தது. ஸ்டாலினின் உளவுத் துறைத் தலைவர் பெரியா ஜார்ஜியாக்காரர், இந்த டீம் மேல் அவருக்குத் தனிப் பாசம். 1939 சோவியத் கோப்பை அரை இறுதியில் ஸ்பார்டக் மாஸ்கோ திபிலிசியை ஜெயித்தது, ஃபைனலையும் ஆடிக் கோப்பையையும் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகு, 'அரை இறுதியை மறுபடி ஆடு' என்று உத்தரவு வந்தது! உலகத்தில் வேறெங்காவது இப்படி நடந்திருக்குமா? ஸ்பார்டக் மறுபடியும் ஆடி, மறுபடியும் ஜெயித்தது, 3-2. மூன்று வருடம் கழித்து ஸ்பார்டக்கை நடத்திய ஸ்டாரோஸ்டின் சகோதரர்கள் நான்கு பேரும் கைது, முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட பூர்வீகம் உள்ள கிளப் எப்படி ஜார்ஜிய ஜனங்களின் செல்லப் பிள்ளை ஆனது என்பதுதான் ஆச்சரியம். ஜார்ஜியாவுக்கென்று தனி தேசிய அணி கிடையாது. எல்லாம் சோவியத் அணிதான். மாஸ்கோவிலிருந்து வருகிற டீமை ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தோற்கடிக்கலாம், அதற்கு யாரும் கேஸ் போட முடியாது. தாய்மொழியில் கத்தலாம். 1976-ல் திறந்த புது மைதானத்தில் 70,000 பேருக்கு மேல் கொள்ளும். டினமோ ஆடினால் அது நிறையும்.

தாய்மொழி என்று சொன்னதும் 1978 ஏப்ரல் 14 ஞாபகம் வர வேண்டும். அந்த வருடம் சோவியத் குடியரசுகளுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். ஜார்ஜியாவின் வரைவில், ஜார்ஜிய மொழி அரசு மொழி என்ற வரியை எடுத்துவிட்டார்கள். திபிலிசியில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். பெரும்பாலும் யுனிவர்சிட்டி மாணவர்கள். 1956-ல் அதே ஊரில் ஊர்வலம் போனவர்கள் மேல் ராணுவம் சுட்டிருந்தது. அது தெரிந்தும் போனார்கள். கட்சித் தலைவராக இருந்த எட்வர்ட் ஷெவர்ட்நாட்ஸே மாஸ்கோவோடு பேசி, கடைசியில் அந்த வரி திரும்பச் சேர்க்கப்பட்டது. சோவியத் யூனியனில் தெருவில் இறங்கிக் கேட்டு, கேட்டது கிடைத்தது என்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஏப்ரல் 14-ஐ இன்றைக்கும் ஜார்ஜியாவில் மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதே 1978-ல்தான் டினமோ திபிலிசி சோவியத் லீக் சாம்பியனும் ஆனது. ஒன்றுக்கொன்று காரணம் என்று சொன்னால் அது அதிகப்படி. ஆனால் ஊர்வலத்தில் போன அதே பையன்கள்தானே ஞாயிற்றுக்கிழமை கேலரியிலும் உட்கார்ந்திருப்பார்கள்?

கோச் நோடார் அகல்காட்ஸி. கியேவில் லோபனோவ்ஸ்கி என்பவர் கால்பந்தை லேபரட்டரி மாதிரி நடத்திக்கொண்டிருந்த காலம். எத்தனை ஓட்டம், எத்தனை பாஸ் எல்லாம் கணக்கு. திபிலிசி அதற்கு நேர் எதிர். நடுக்களத்தில் டேவிட் கிப்பியானி. உயரமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, யாருக்கும் தெரியாத சந்தில் பந்தை அனுப்புவார். அந்தப் பந்தைத் துரத்த ராமாஸ் ஷெங்கேலியா. பக்கவாட்டில் விளாடிமிர் குட்சாயெவ். எங்கே வேண்டுமானாலும் ஓடுகிற விட்டாலி தாராசெலியா. பின்னால் கேப்டன் அலெக்ஸாண்டர் சிவாட்ஸே. 1979 ஐரோப்பியக் கோப்பையில் லிவர்பூலைத் திபிலிசியில் 3-0 என்று அடித்து வெளியேற்றியபோதே மேற்கில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த சுற்றில் ஹாம்பர்க்கிடம் தோற்றதும் மறந்துவிட்டார்கள்.

1979-ல் சோவியத் கோப்பையும் ஜெயித்திருந்ததால் இந்தப் போட்டிக்கு வந்தார்கள். கிரீஸின் கஸ்டோரியா, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் இரண்டையும் பெரிய கஷ்டமில்லாமல் தாண்டினார்கள். அந்த ஆட்டங்களில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது மார்ச் 4, அப்டன் பார்க். அதே ராத்திரி யேனாவில் டைனன் கோல் அடித்துக்கொண்டிருக்கிறார், இங்கே லண்டனில் திபிலிசி. அந்த வெஸ்ட்ஹாமைக் குறைவாக எடை போடக் கூடாது. அந்த சீசன் இரண்டாம் டிவிஷன் சாம்பியன் அவர்கள், லீக் கோப்பை ஃபைனலில் லிவர்பூலோடு மறு ஆட்டம் வரை போனவர்கள். இந்தத் தடவை கேட் திறந்திருந்தது, அரங்கம் நிரம்பியிருந்தது. இருபதாவது நிமிடம் தாண்டியதும் சிவாட்ஸே பின்னாலிருந்து பந்தோடு கிளம்பினார். யாரும் தடுக்கவில்லை, டிஃபென்டர்தானே, எவ்வளவு தூரம் வரப்போகிறார் என்று விட்டுவிட்டார்கள். ரொம்ப தூரத்திலிருந்தே அடித்தார். கீப்பர் பில் பார்க்ஸுக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. பிறகு குட்சாயெவ் ஒன்று. வெஸ்ட்ஹாமுக்கு கிராஸ் ஒன்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஷெங்கேலியா ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு. 4-1.

ஆட்டம் முடிந்ததும் அப்டன் பார்க் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரணிக்கு! ஆறு மாதத்துக்கு முன் கலாட்டா பண்ணி மைதானத்தையே பூட்ட வைத்த அதே கிளப்பின் ரசிகர்கள். நல்ல கால்பந்தைப் பார்த்தால் மனுஷன் மாறிவிடுகிறான் போலிருக்கிறது. மறு ஆட்டத்தில் வெஸ்ட்ஹாம் திபிலிசிக்கே போய் 1-0 என்று ஜெயித்தது. பிரயோஜனம் இல்லை, ஆனால் மானத்தோடு திரும்பினார்கள். அரை இறுதியில் ஃபெயனூர்டை திபிலிசி 3-0 என்று அடித்துவிட்டு, ராட்டர்டாமில் 0-2 தோற்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபைனலுக்கு வந்தது.

இப்போது மறுபடியும் டுசல்டார்ஃப், அந்த 4,750 பேர்.

முதல் பாதியில் கோல் இல்லை. ஆளில்லாத மைதானத்தில் ஆட்டம் பார்ப்பது ஒரு மாதிரி. வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதுகூடக் கேட்கும். 63-வது நிமிடத்தில் யேனாவின் ஹாப்பே கோல் அடித்தார். நாலே நிமிடத்தில் குட்சாயெவ் சமன் செய்தார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கூடுதல் நேரத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்கிற மாதிரிதான் ஆட்டம் போயிற்று. 86-வது நிமிடம். தாராசெலியா இடது பக்கத்திலிருந்து பந்தோடு பெட்டிக்குள் நுழைந்தார். ஒரு டிஃபென்டரை ஏமாற்றினார். இன்னொருவர் வந்தார், அவரையும் ஏமாற்றினார். பிறகு கிராபென்டினைத் தாண்டி அடித்தார். நியூபோர்ட்டின் மொத்தத் தாக்குதலையும் தனியாளாக நிறுத்திய அதே கிராபென்டின். 2-1.

கியேவுக்குப் (1975) பிறகு ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கிய இரண்டாவது சோவியத் டீம். உலகப் பத்திரிகைகளுக்கு அது சோவியத் வெற்றி. இன்னும் சில பேருக்கு 'ரஷ்ய' வெற்றி. திபிலிசித் தெருக்களில் அன்று ராத்திரி தூங்காமல் கூத்தாடியவர்களிடம் போய் ரஷ்யா ஜெயித்துவிட்டது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வருடம் நடப்பு சாம்பியனாக அரை இறுதி வரை வந்து, பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லீஜிடம் இரண்டு ஆட்டத்திலும் 0-1 என்று தோற்றார்கள். கிப்பியானி கால் உடைந்து, 1982 உலகக் கோப்பைக்கான சோவியத் அணியில் இடமும் கிடைக்காமல், முப்பது வயதிலேயே ஆட்டத்தை விட்டார். தாராசெலியா, சிவாட்ஸே, ஷெங்கேலியா எல்லாம் அந்த உலகக் கோப்பைக்குப் போனார்கள். அதே வருடம் டிசம்பர் 13-ம் தேதி, ரிக்கோட்டி கணவாய் மலைப் பாதையில் தாராசெலியாவின் கார் பள்ளத்தில் விழுந்தது. வயது 25.

அவர் பிறந்த ஊர் ஓச்சம்சிரே, கருங்கடல் ஓரம், அப்காசியாவில். முதல் கோல் அடித்த குட்சாயெவ் ஒசேத்திய இனத்தவர். ஜார்ஜியா 1991-ல் சுதந்திர நாடு ஆனது. ஆனால் ஒசேத்தியப் பகுதியில் அதே சமயத்தில் சண்டை, 1992-93-ல் அப்காசியாவில் யுத்தம், 2008-ல் ரஷ்யாவே உள்ளே வந்தது. அப்காசியாவிலிருந்து மட்டும் லட்சக்கணக்கில் ஜார்ஜியர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஓச்சம்சிரே இன்று ஜார்ஜிய அரசின் கட்டுப்பாட்டில் இல்லை. ஜார்ஜியாவின் மிகப் பெரிய கால்பந்து ராத்திரியில் விழுந்த இரண்டு கோல்களும், பின்னாளில் அந்த நாடு எந்த இரண்டு மண்ணுக்காக ரத்தம் சிந்தியதோ அந்த மண்ணின் மனிதர்கள் அடித்தது. அன்று கத்திய யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியிருக்காது. எல்லோரும் டினமோ, அவ்வளவுதான்.

அந்த ஃபைனலில் ஆடிய இரண்டு டீம்களின் நாடுகளும் பத்தே வருடத்தில் வரைபடத்திலிருந்து போய்விட்டன. போட்டி 1999-ல் நின்றது. ரைன்ஸ்டாடியனை 2002-ல் இடித்தார்கள்; சிவாட்ஸேயின் கோலைப் பார்த்த அப்டன் பார்க்கையும் 2016-ல் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இரண்டு சைஸ் கம்பெனிகளும் ஜெர்மனி ஒன்றான பிறகு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, தலைமையகம் ஓபர்கோகனில்.

திபிலிசி மைதானம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2024 மார்ச் 26 அன்று அங்கேதான் கிரீஸை பெனால்டியில் ஜெயித்து, ஜார்ஜியா என்ற சொந்தப் பெயரில் முதல் தடவையாக யூரோ போட்டிக்குப் போனார்கள். ஜூன் மாதம் ஜெர்மனி மண்ணில் போர்ச்சுகலை 2-0 என்று தோற்கடித்தார்கள். முதல் கோல் அடித்த க்வராட்ஸ்கேலியா டினமோ திபிலிசியில் வளர்ந்த பையன்.

கிப்பியானியும் 2001 செப்டம்பரில் ஒரு கார் விபத்தில்தான் போனார், 49 வயதில். ஜார்ஜியாவின் உள்நாட்டுக் கோப்பைக்கு இப்போது டேவிட் கிப்பியானி கோப்பை என்று பெயர்.